மேயருக்கு நிற்பது என்றால் என்ன? ஓசூரை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளில் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் "அவர் இந்த முறை மேயருக்கு நிற்கிறார்" என்ற வாக்கியம் தவறாமல் காதில் விழும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அதில் எந்த ஐயமும் இருப்பதில்லை. ஆனால் இன்று நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாக்குப்பதிவு நாளன்று ஓசூர் வாக்காளர் அழுத்தும் இயந்திரத்தில் "மேயர் வேட்பாளர்" என்று எவர் பெயரும் இருக்காது. வார்டு உறுப்பினர் பதவிக்கான பெயர்கள் மட்டுமே இருக்கும். அப்படியானால் மேயர் எப்படி உருவாகிறார், அந்த இடத்திற்கு வர விரும்புபவர் உண்மையில் எதற்கு நிற்கிறார், வந்த பிறகு அவர் கையில் என்ன இருக்கிறது என்பனவற்றை, இதற்கு முன் உள்ளாட்சிச் சட்டம் எதையும் படித்திராதவருக்கும் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேயர் எங்கே இருப்பார்?

தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் மூன்று வகை: பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. காவேரிப்பட்டணம் பேரூராட்சி. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் மாவட்டத் தலைநகரங்களாக இருந்தாலும் நகராட்சிகள். இரண்டிலும் 33 வார்டுகள் வீதம் உள்ளன. அங்கே தலைமைப் பொறுப்பில் இருப்பவரை நகர்மன்றத் தலைவர் என்கிறோம். மேயர் என்ற பெயர் மாநகராட்சிக்கு மட்டுமே உரியது. நம் இரு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் மாநகராட்சி என்பது ஓசூர் ஒன்றுதான்.

அந்தத் தகுதி ஓசூருக்கு 2019 பிப்ரவரியில் கிடைத்தது. அப்போது அங்கே மேயர் இல்லை என்பது பலருக்கு மறந்துவிட்டது. தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு, நகர்ப்புறத் தேர்தல் 2022 வரை நடக்கவில்லை. இடைப்பட்ட காலம் முழுவதும் அரசு அமர்த்திய தனி அலுவலர்களே மன்றத்தின் இடத்தில் இருந்து நிர்வாகம் செய்தார்கள். ஆக, பெயர்ப்பலகை மாறி மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில்தான் ஓசூர் தன் முதல் மேயரைக் கண்டது.

பால் சங்கத்திலிருந்து தொடங்கலாம்

ஊரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இருந்தால், அதன் தேர்தலை நினைத்துப் பாருங்கள். பால் ஊற்றும் உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இயக்குநர்கள் தங்களுக்குள் ஒருவரைச் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு மாடு வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

மாநகராட்சியிலும் இதே ஏற்பாடுதான். ஓசூர் 45 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வார்டிலும் மக்கள் ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்ட மொழியில் அவர் மாமன்ற உறுப்பினர். இந்த 45 பேரும் சேர்ந்த அவையே மாமன்றம். மாமன்றம் கூடி, தன் உறுப்பினர்களில் ஒருவரை மேயராகவும் இன்னொருவரைத் துணை மேயராகவும் தேர்ந்தெடுக்கிறது. இப்படி மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர். மக்களே தலைவருக்கு வாக்களித்தால் அது நேரடித் தேர்தல்.

2022இல் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும். பிப்ரவரி 19 அன்று மக்கள் வார்டு உறுப்பினர்களுக்கு வாக்களித்தார்கள். 22 அன்று எண்ணிக்கை. மார்ச் 2 அன்று வென்றவர்கள் உறுப்பினராகப் பதவியேற்றார்கள். மார்ச் 4 அன்று காலையில் மேயருக்கும் பிற்பகலில் துணை மேயருக்கும் மறைமுகத் தேர்தல் நடந்தது. மக்கள் வாக்களித்த நாளுக்கும் மேயர் உருவான நாளுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு வாரம் இருந்தது.

சுருக்கமாக, மேயராக விரும்புபவர் முதலில் ஏதோ ஒரு வார்டில் கவுன்சிலராக வெல்ல வேண்டும்; பிறகு சக கவுன்சிலர்களின் வாக்கைப் பெற வேண்டும்.

ஏன் இவ்வளவு குழப்பம்?

மக்கள் அக்கறையில்லாமல் இருப்பதால் இந்தக் குழப்பம் வந்துவிடவில்லை. இங்கே வாழ்பவர்களின் அனுபவமே அவர்களுக்கு வேறொன்றைக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

ஓசூர் வளர்ந்த விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற ஆலைகள் வந்தன. வேலை தேடி வந்தவர்கள் சுற்றியிருந்த கிராமங்களில் குடியேறினார்கள். பிறகு அந்தக் கிராமங்களே நகரத்தோடு இணைக்கப்பட்டன. ஜூஜூவாடியும் மூக்கண்டப்பள்ளியும் ஒரு காலத்தில் தனி ஊராட்சிகள். கிராம ஊராட்சியில் தலைவர் பதவிக்கு மக்கள் நேரடியாகவே வாக்களிக்கிறார்கள். அங்கே ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்குகள் உண்டு: ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீல வாக்குச்சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்டக் குழு உறுப்பினருக்கு மஞ்சள். இப்படி நான்கு சீட்டு வாங்கிப் பழகிய ஒரு பெரியவர், தன் ஊர் மாநகராட்சிக்குள் வந்த பிறகு வாக்குச்சாவடிக்குப் போனால், அவருக்கு ஒரே இயந்திரம், ஒரே வாக்கு. "தலைவருக்கு எங்கேம்மா போடறது?" என்று அவர் அங்கிருக்கும் அலுவலரைக் கேட்டால், அது நியாயமான கேள்வியே.

இன்னொரு காரணம், சட்டமே நின்ற இடத்தில் நிற்காதது. தமிழ்நாட்டில் 1996லும் 2001லும் மேயர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் முறை மறைமுகமாயிற்று. 2011இல் மீண்டும் நேரடி. அந்த ஆண்டு, அப்போது நகராட்சியாக இருந்த ஓசூரின் மக்கள் நகர்மன்றத் தலைவருக்குத் தனியாக ஒரு வாக்கைப் போட்டார்கள். 2016இல் மேயர் தேர்தலை மறைமுகமாக்கச் சட்டம் திருத்தப்பட்டது; அந்த ஆண்டுத் தேர்தலே நடக்கவில்லை. 2018இல் நேரடி முறைக்குத் திரும்பினார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் ஒன்றின் வழியாக மறுபடியும் மறைமுக முறை வந்தது. நாற்பது வயது ஓசூர்க்காரர் ஒருவர் இரண்டு முறைகளிலும் வாக்களித்திருக்கக்கூடும். அவர் நினைவில் இரண்டும் கலந்து கிடந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இப்படி மாற்றிக்கொண்டே இருக்க இடம் கொடுப்பது அரசமைப்புச் சட்டமே. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆம் திருத்தம், வார்டு உறுப்பினர்களை மக்கள் நேரடியாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், இங்கே கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருவில் பிபிஎம்பி மாநகராட்சி இருந்த காலத்தில் மேயரின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. ஆண்டுதோறும் புது மேயர் வருவார். அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியைத் தாண்டினால் மேயர் என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடும். கன்னடச் செய்தி அலைவரிசைகளையும் பார்த்துப் பழகிய ஓசூரில் இது கூடுதல் குழப்பத்தைத் தருகிறது.

போட்டிக்கு முன்பே நடக்கும் வடிகட்டல்

ஒருவர் எவ்வளவு செல்வாக்கு உடையவராக இருந்தாலும், அவருடைய கனவை ஓர் அரசாணை ஒரே நாளில் முடித்துவைக்கலாம். அதன் பெயர் இட ஒதுக்கீட்டு அறிவிக்கை. குறிப்பிட்ட வார்டுகளும் குறிப்பிட்ட தலைமைப் பதவிகளும் பெண்களுக்கு, பட்டியல் வகுப்பினருக்கு, பழங்குடியினருக்கு என்று ஒதுக்கப்படுகின்றன; அடுத்தடுத்த தேர்தல்களில் இவை இடம் மாறும், அதைச் சுழற்சி முறை என்கிறார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை.

2022இல் மாநிலத்தில் இருந்த 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன; அவற்றுள் சென்னையும் தாம்பரமும் பட்டியல் வகுப்புப் பெண்களுக்கு. ஆவடி பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. ஓசூர் பொதுப் பிரிவில் இருந்தது, அதாவது யாரும் போட்டியிடலாம் என்ற நிலை. ஒருமுறை பொதுவாக இருந்தது அடுத்த முறையும் பொதுவாகவே இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. பல ஆண்டுகள் ஒரே வார்டில் கல்யாணம், காது குத்து, துக்கம் என்று ஒன்றையும் விடாமல் போய் வந்தவர், அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் மனைவியையோ மகளையோ நிறுத்துவது நாம் பார்த்துச் சலித்த காட்சி. அப்படி நிறுத்தப்பட்ட பெண்களில் சிலர் பிறகு தாங்களே நிர்வாகத்தைக் கற்று நடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வார்டில் நிற்பது

இதற்கான தகுதிகள் எளியவை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்த மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தான் குடியிருக்கும் வார்டிலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. அதே மாநகராட்சிக்குள் வேறு வார்டிலும் நிற்கலாம். ஆனால் வேட்புமனுவில் அவரை முன்மொழிபவர் அந்தக் குறிப்பிட்ட வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். 2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கான காப்புத்தொகை, நாம் டெபாசிட் என்று சொல்வது, 4,000 ரூபாய். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் ஒரு வேட்பாளர் செலவிடலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 85,000 ரூபாய். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று எந்த ஓசூர்க்காரரும் என்னைக் கேட்கமாட்டார்.

கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது. நகர்ப்புறத் தேர்தலில் கட்சிச் சின்னங்கள் உண்டு. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும் மேயர் கணக்கில் இதுவே பெரியது. ஏனென்றால் வார்டில் வெல்வதற்குத் தெருவை அறிந்திருந்தால் போதும்; மேயராவதற்குக் கட்சியின் கணக்குக்குள் இருக்க வேண்டும்.

45 பேரில் 23 பேர்

மாமன்றத்தில் 45 உறுப்பினர்கள் இருந்தால், நேருக்கு நேர் போட்டியில் 23 வாக்குகள் பெற்றவர் மேயர். வாக்களிப்பவர்கள் கவுன்சிலர்கள் மட்டுமே. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது வெளியே தெரியாத மறைவாக்கு முறையில், சீட்டில் குறித்துப் பெட்டியில் போடுகிறார்கள். வாக்குகள் சமமாகிவிட்டால் குலுக்கல். போதிய உறுப்பினர்கள் வராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்படும். 2022 மார்ச் 4 அன்று மாநிலத்தின் சில உள்ளாட்சிகளில் அப்படியே நடந்தது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இதில் உள்ள எண்கள் கற்பனையானவை. ஒரு கட்சிக்கு 20 கவுன்சிலர்கள், இன்னொரு கட்சிக்கு 18, சுயேச்சைகள் 7 என்று முடிவு வருகிறது. எந்தக் கட்சிக்கும் 23 இல்லை. பரப்புரையின்போது யாரும் கண்டுகொள்ளாத அந்த 7 பேரும் எண்ணிக்கை முடிந்த மாலையிலிருந்து ஊரின் மிக முக்கியமான மனிதர்களாகிவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் துணை மேயர் பதவியைக் கேட்கலாம், ஒருவர் தன் வார்டுக்குப் பாதாளச் சாக்கடையைக் கேட்கலாம், ஒருவர் கட்சியிலேயே சேர்ந்துவிடலாம், ஒருவர் சில நாட்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு வெளியூர் போய்விடலாம். தன் வார்டில் ஆயிரத்துச் சொச்சம் வாக்கு வாங்கியவர் இலட்சக்கணக்கானோர் வாழும் நகரத்தின் மேயர் யார் என்பதை முடிவு செய்யும் நிலை இப்படித்தான் உருவாகிறது. மறைமுகத் தேர்தலின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நேரடித் தேர்தலுக்கும் அதற்கே உரிய சிக்கல் உண்டு: மக்கள் ஒரு கட்சியைச் சேர்ந்தவரை மேயராக்கிவிட்டு, மாமன்றத்தில் மற்றொரு கட்சிக்குப் பெரும்பான்மை கொடுத்துவிட்டால், ஐந்தாண்டும் ஒவ்வொரு தீர்மானத்திலும் இழுபறிதான்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இவர்களைக் கட்டுப்படுத்தாதா என்று கேட்கத் தோன்றும். அரசமைப்பின் பத்தாவது அட்டவணையில் உள்ள அந்த விதி நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உரியது. அதன் பிடி கவுன்சிலர்களை எட்டுவதில்லை. 2022இல் பல ஊர்களில், கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கப்பட்ட தலைமைப் பதவிகளுக்கு ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியிட்டு வென்றுவிட்டதும், அவர்கள் பதவி விலக வேண்டும் என்று கட்சித் தலைவரான முதலமைச்சர் ஸ்டாலினே வெளிப்படையாகக் கேட்க நேர்ந்ததும் இந்த ஓட்டையால்தான்.

ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டால் ஐந்தாண்டும் நிம்மதி என்றும் இல்லை. மேயர் மீது கவுன்சிலர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். 2024 ஜூலையில் காஞ்சிபுரத்தில் அத்தகைய முயற்சி, உறுப்பினர்கள் கூட்டத்திற்கே வராததால் தோற்றது. அதே மாதத்தில் கோவை, திருநெல்வேலி மேயர்கள் இருவரும் பதவி விலகினார்கள். இரண்டு வாரத்தில் திரட்டிய 23 பேரை ஐந்தாண்டுகளுக்குத் தக்கவைக்க வேண்டியிருப்பதால், மேயரின் நேரத்தில் பெரும்பகுதி கவுன்சிலர்களைச் சமாதானப்படுத்துவதிலேயே போகிறது.

நாற்காலிக்கு வந்த பின்

சிவப்பு அங்கியும் கழுத்துச் சங்கிலியும் செங்கோலும் பார்ப்பவருக்கு ஒரு குறுநில மன்னரை நினைவூட்டும். அதிகாரம் அந்த அளவுக்கு இல்லை. மாநகராட்சியின் நிர்வாகத்தை நடத்துபவர் ஆணையர். அவர் அரசு அமர்த்தும் அதிகாரி. ஊழியர்களும் கோப்புகளும் ஒப்பந்தங்களும் அவர் வழியாகவே நகரும். எதைச் செய்வது, எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தீர்மானிப்பது மாமன்றம். அந்த மாமன்றக் கூட்டத்திற்குத் தலைமை தாங்குபவர் மேயர். குடும்பக் கல்யாணத்தில் வேலைகளை ஓடியாடிச் செய்பவர் ஒருவர், சபையில் உட்கார்ந்து பேச்சை முடித்துவைப்பவர் ஒருவர் என்று இருப்பதைப் போன்றது இது. முன்னவர் ஆணையர், பின்னவர் மேயர். இருவருக்கும் ஒத்துப்போனால் வேலை நடக்கும். ஒத்துப்போகாவிட்டால் கூட்டப் பொருள் பட்டியலிலேயே பாதி விஷயங்கள் தங்கிவிடும்.

2023இல் அரசு அறிவித்த மதிப்பூதியம் மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000.

மேயரிடம் மக்கள் கேட்பவற்றில் பல அவர் கையில் இல்லாதவை. வீட்டுக் குழாயில் தண்ணீர் விநியோகிப்பது மாநகராட்சியின் வேலை. ஆனால் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி, புளோரைடு பாதிப்பைத் தடுப்பதற்காக இரு மாவட்டங்களுக்கும் சேர்த்துத் தீட்டப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வருகிறது; அதை நடத்துவது குடிநீர் வடிகால் வாரியம். உள்தெருவில் குழி விழுந்தால் மாநகராட்சி. தேசிய நெடுஞ்சாலையில் குழி விழுந்தால் நெடுஞ்சாலை ஆணையம். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட, 2,000 ஏக்கரில் அமையவுள்ள ஓசூர் விமான நிலையத்திற்கும் மேயருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. "நான் மேயரானால் விமான நிலையம் கொண்டுவருவேன்" என்று வார்டில் யாராவது பேசினால், கைதட்டிவிட்டு, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று அவரிடம் கேட்கலாம்.

சுருக்கமாக, குப்பை, தெருவிளக்கு, உள்சாலை, குடிநீர் விநியோகம், கழிவுநீர், கட்டட அனுமதி, சொத்து வரி ஆகியவை மாநகராட்சிக்குள் வருபவை. இவற்றில் மேயருக்கு இருப்பது, எது முதலில் நடக்க வேண்டும் என்று மன்றத்தை இணங்கவைக்கும் செல்வாக்கு.

வரியைக் குறைப்பேன் என்ற வாக்குறுதி

மாநகராட்சியின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்து வரி. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது. ஆகவே அதைக் குறைப்பதாகச் சொல்வதே மிக எளிதான வாக்குறுதி. 2022 ஏப்ரலில் நடந்ததை நினைவுகூர்ந்தால் அதன் மதிப்பு விளங்கும். புதிய மன்றங்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாநில அரசு சொத்து வரிச் சீராய்வை அறிவித்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு. அதற்கு அரசு கூறிய காரணங்களில் ஒன்று 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை: சொத்து வரியை உயர்த்தாத நகரங்களுக்கு ஒன்றிய அரசின் மானியம் கிடைக்காது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின, பல ஊர்களில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் வெளிநடப்புச் செய்தார்கள், வரி உயர்ந்தது. கையெழுத்து மன்றத்தினுடையதாக இருந்தாலும் முடிவு சென்னையிலும் தில்லியிலும் எடுக்கப்பட்டது. வரியைக் குறைப்பேன் என்பவர், மானியம் நின்றுபோனால் எந்தச் செலவை வெட்டுவார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை அப்படிச் சொன்ன ஒருவரை நான் கேட்டதில்லை.

அடுத்த முறை எதைக் கவனிப்பது

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதையொட்டித் தேர்தல் அறிவிப்பு வரும்போது, நேரடியா மறைமுகமா என்ற முறையை அரசு மாற்றியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, மேயர் பதவியும் உங்கள் வார்டும் யாருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன என்ற அறிவிக்கை. இரண்டும் தெரிந்த பிறகு, வீட்டு வாசலுக்கு வாக்குக் கேட்டு வரும் வார்டு வேட்பாளரிடம், "நீங்கள் வென்றால் மேயர் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பீர்கள், அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். கட்சி வேட்பாளர் தலைமை முடிவு செய்யும் என்பார். 2022இல் மேயர் வேட்பாளர்களின் பெயர்களை ஆளுங்கட்சி வெளியிட்டதே மறைமுகத் தேர்தலுக்கு முந்தைய நாள்தான். சுயேச்சை வேட்பாளர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.